பேஸ்பால் வீடியோ கேமில் மெய்யான ஒரு பருவத்தை நடத்துவது எப்படி? அமைப்புகள் முதல் அணி நிர்வாகம் வரை முழுமையான வழிகாட்டி

பேஸ்பால் கேம்களின் மெய்த்தன்மையைப் பற்றிப் பேசும்போது பலரும் முதலில் குறிப்பிடுவது காட்சித் தரத்தையே: வீரர்களின் முகச்சாயல், மைதானத்தில் விழும் நிழல், ஒவ்வொருவரும் பேட்டைச் சுழற்றும் பாணி. இவை கண்ணுக்கு இனியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் 162 போட்டிகள் கொண்ட ஒரு பருவத்தை நடத்தத் தொடங்கியவருக்கு விரைவிலேயே வேறொரு கேள்வி எழும். பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) களைப்பதே இல்லை, நட்சத்திர வீரர்கள் எளிதில் கைக்கு வருகிறார்கள், இளம் வீரர்கள் எதிர்பார்த்தபடியே வளர்கிறார்கள் என்றால், இதில் நிர்வாகம் செய்ய என்ன இருக்கிறது? மெய்யான பொது மேலாளரின் கையைக் கட்டிப்போடுவது பற்றாக்குறைதான். அணிப் பட்டியலில் இடம் போதாது. பிட்சர்களின் கைகளில் வலு போதாது. நாளை நடக்கவிருப்பதைப் பற்றிய தகவலும் போதாது. இந்தப் பற்றாக்குறைகளைக் கேமுக்குள் எவ்வாறு கொண்டுவருவது என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் படி: எதை நீங்களே ஆடப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

பேஸ்பால் கேம்கள் பொதுவாக இரு வகை. எம்எல்பி தி ஷோ போன்றவற்றில் பந்தை வீசுவதும் அடிப்பதும் உங்கள் கைவிரல்கள். அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால், பேஸ்பால் மோகல் போன்றவற்றில் நீங்கள் முடிவுகளை மட்டுமே எடுக்கிறீர்கள். போட்டியைக் கணிப்பொறி நடத்துகிறது. நிர்வாகத்தின் ஆழத்தை மட்டும் நாடுபவருக்கு இரண்டாம் வகையே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. 1999 முதல் வெளிவரும் அவுட் ஆஃப் தி பார்க் தொடரில் உள்ள அளவுக்கு விதிகளும் அமைப்புகளும் வேறெந்தக் கேமிலும் இல்லை. ஆனால் ஆடவும் வேண்டும், நிர்வகிக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு முதல் வகையிலேயே கூடுதல் உழைப்பு தேவைப்படும். ஏனெனில் நீங்கள் ஆடும் போட்டிகளின் எண்களும், லீகின் மற்ற போட்டிகளைக் கணிப்பொறி தானாக நடத்தித் தரும் எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாம் படி: அளவுகோலை நிறுவுங்கள்

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன், மெய்யான லீகின் சராசரிகளைக் கைக்கு எட்டும் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2024-ஆம் ஆண்டின் எம்எல்பி (அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால்) பருவத்தில் ஓர் அணி ஒரு போட்டிக்குச் சுமார் 4.4 ரன் எடுத்தது. லீக் முழுவதற்குமான பேட்டிங் சராசரி (அடிக்க முயன்ற முறைகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு) .243, பேஸை (களத்தில் ஓட்டக்காரர் சேர வேண்டிய நிலை) அடையும் விகிதம் .312. பேட் செய்ய வந்தவர்களில் 22.6 விழுக்காட்டினர் ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழப்பது) ஆனார்கள், 8.2 விழுக்காட்டினர் வாக் (ஸ்டிரைக் பகுதிக்கு வெளியே வந்த நான்கு பந்துகளை விட்டு முதல் பேஸை அடைவது) பெற்றார்கள். ஒரு போட்டிக்கு ஓர் அணியின் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ எட்டரை ஸ்டிரைக் அவுட், மூன்று வாக், ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட ஹோம் ரன், எட்டு ஹிட்.

எந்த ஆண்டின் எண்களை எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். 2023-இல் பேஸ்கள் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கப்பட்டன. பிட்சர் வீச வேண்டிய நேரத்துக்குக் கடிகாரம் வந்தது. முதல் பேஸை நோக்கிப் பந்தை எறிந்து ஓட்டக்காரரைத் தடுக்கும் முயற்சிகளுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. விளைவாக, 2022-இல் 2,486-ஆக இருந்த பேஸ் திருட்டுகள் (பந்து அடிக்கப்படாமலேயே ஓட்டக்காரர் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) 2023-இல் 3,503-ஆக உயர்ந்தன. பழைய எண்களை வைத்துக்கொண்டு புதிய விதிகளின்படி ஆடுபவர், தன் கேமில் ஓட்டக்காரர்கள் அளவுக்கு மீறி ஓடுகிறார்கள் என்று தவறாக முடிவுகட்டக்கூடும். வரலாற்றுப் பருவங்களை விரும்புபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பிட்சர்கள் கோலோச்சிய 1968-இல் பாப் கிப்சனின் இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சரின் பொறுப்பில் சேரும் ரன்களின் சராசரி) 1.12, அந்தப் பருவத்துக்குப் பிறகே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. அந்தக் காலத்தை ஆடும்போது 2024-இன் அளவுகோல் ஒரு பயனும் தராது.

அளவுகோல் கையில் இருந்தால், ஒரு போட்டியையும் ஆடாமல் ஒரு முழுப் பருவத்தைக் கணிப்பொறியிடம் விட்டு நடத்திப் பாருங்கள். லீகின் மொத்த எண்கள் மேற்கண்டவற்றுக்கு அருகில் வருகின்றனவா என்பதையும், உச்சங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பருவத்தில் அதிக வெற்றி 116. 1906-இல் கப்ஸும் 2001-இல் மரினர்ஸும் பெற்றவை. 1901-க்குப் பிந்தைய காலத்தில் மிக அதிகத் தோல்வி 121. 2024-இல் ஷிகாகோ வைட் சாக்ஸ் சந்தித்தது. அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் .400-ஐத் தாண்டிய கடைசி பேட்டர் 1941-இன் டெட் வில்லியம்ஸ். உங்கள் கேமில் ஆண்டுதோறும் எவராவது .400 அடிக்கிறார், ஏதோ ஓர் அணி 125 போட்டிகளை வெல்கிறது என்றால், கோளாறு உங்கள் ஆட்டத்தில் இல்லை. வீரர்களின் மதிப்பெண்கள் நல்லவருக்கும் சுமாரானவருக்கும் இடையே அளவுக்கு மீறி விரிந்திருக்கின்றன. அவுட் ஆஃப் தி பார்க் கேமில் லீகின் மொத்த எண்களைத் திருத்தும் வசதி உள்ளது. அங்கேயே சரிசெய்துவிட முடியும்.

மூன்றாம் படி: ஸ்லைடர்களைப் பொறுமையுடன் திருத்துங்கள்

நீங்களே ஆடும் கேம்களில் பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். இரண்டு போட்டிகளில் தோற்றவுடன் ஐந்து ஸ்லைடர்களை (கேமின் ஒவ்வோர் அம்சத்தையும் கூட்டவும் குறைக்கவும் உதவும் அமைப்புகள்) மாற்றுவார்கள். அதன் பிறகு எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் கடின நிலையைத் தேர்ந்தெடுங்கள். தி ஷோவில் ஆல்-ஸ்டார், ஹால் ஆஃப் ஃபேம் ஆகிய நிலைகள், ஓரளவு பழகிய ஒருவருக்கு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வெற்றி தோல்விகளைத் தரும். சராசரியான ஓர் அணியை வைத்துக்கொண்டு பத்துக்கு எட்டுப் போட்டிகளை வெல்கிறீர்கள் என்றால், ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் நிலையை உயர்த்துவதே முறை. வெற்றிக்கேற்பத் தானாக மாறும் கடின நிலையைப் பருவத்தை நடத்துவதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஏப்ரலிலும் செப்டம்பரிலும் ஆட்டத்தின் தன்மையே வேறாகிவிட்டால் வீரர்களின் எண்களை ஒப்பிட முடியாது.

பிறகு பத்துப் போட்டிகளை ஒன்பது இன்னிங்ஸ் முழுமையாக ஆடி, இரு அணிகளின் எண்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிரைக் அவுட், வாக் ஆகியவற்றின் விகிதங்கள் விரைவில் நிலைபெறுபவை. பத்துப் போட்டிகளில் ஓரளவு நம்பத்தக்க படம் கிடைத்துவிடும். பேட்டிங் சராசரியோ அதிர்ஷ்டத்தின் கையில் நெடுங்காலம் ஊசலாடுவது. பத்துப் போட்டிகளில் உங்கள் அணி .290 அடித்தது என்பதற்காக அடியின் வலிமையைக் குறைப்பது அவசரம். ஆகவே முதலில் திருத்த வேண்டியவை ஸ்டிரைக் அவுட்டும் வாக்குமே.

ஏறக்குறைய எல்லாருக்கும் குறைவாக வருவது வாக். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மனிதர் கையில் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும்போது வரும் பந்தை அடிக்காமல் விடுவது கடினம். கணிப்பொறி பிட்சரும் ஸ்டிரைக் பகுதிக்குள் அளவுக்கு அதிகமாக வீசுகிறது. கணிப்பொறி எவ்வளவு ஸ்டிரைக் வீச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஸ்லைடரை ஒரு புள்ளி மட்டும் குறைத்துவிட்டு, மேலும் பத்துப் போட்டிகள் ஆடுங்கள். அதே வேளையில் முதல் பந்தை அடிக்காமல் விடும் பழக்கத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள். இதனால் எதிரணியின் தொடக்கப் பிட்சர் விரைவில் களைத்து, அவர்களது மாற்றுப் பிட்சர்கள் முன்னதாகவே களமிறங்க நேரிடும். நீங்கள் எதிர்கொள்ளும் அணியும் மெய்யான அணியைப் போல் நடந்துகொள்ளத் தொடங்கும். நீங்கள் பந்து வீசும்போது வாக் வருவதே இல்லை என்றால், உங்கள் பிட்சர்களின் கட்டுப்பாட்டு ஸ்லைடரைக் குறைக்க வேண்டும். இந்தத் திருத்தத்தைச் செய்யப் பலருக்கும் மனம் வருவதில்லை. ஆயினும் குறிவைத்த இடத்துக்குத் தவறாமல் பந்தை அனுப்பும் பிட்சர்கள் பதின்மூன்று பேர் உள்ள அணிக்கு, நல்ல பிட்சரைத் தேடும் தேவையே எழாது.

ஒரு தடவைக்கு ஒரு ஸ்லைடர், ஒரு தடவைக்கு ஒரு புள்ளி என்பதே இப்படியின் விதி. காயங்களின் அளவைக் குறைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். அதன் காரணம் அடுத்த படியில் விளங்கும்.

நான்காம் படி: 26 இடங்கள், 40 இடங்கள்

அணி நிர்வாகத்தின் உயிர் இங்கே இருக்கிறது. எம்எல்பி அணியின் நடப்புப் பட்டியலில் 26 பேருக்கே இடம். அவர்களில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. செப்டம்பரில் மட்டும் பட்டியல் 28 ஆகும். இவர்களையும் உள்ளடக்கிய பெரிய பட்டியலில் 40 இடங்கள். இந்த 40-இல் உள்ள ஒருவரை எம்எல்பிக்குக் கீழ்நிலையிலுள்ள மைனர் லீகுக்கு அனுப்ப, அவருக்கு ஆப்ஷன் எனப்படும் அனுமதி மீதமிருக்க வேண்டும். பொதுவாக ஒரு வீரருக்கு மூன்று பருவங்களுக்கு இந்த அனுமதி உண்டு; ஒரே பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் அனுப்பவும் முடியாது. ஆப்ஷன் தீர்ந்தவரை அனுப்ப விரும்பினால் மற்ற அணிகள் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும். காயப் பட்டியலுக்கும் விதி உண்டு: பிட்சர் அல்லாதவருக்குக் குறைந்தது 10 நாள், பிட்சருக்கு 15 நாள், 60 நாள் பட்டியலில் வைக்கப்பட்டவர் மட்டுமே 40 இடங்களில் ஒன்றைக் காலிசெய்கிறார்.

இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, இவை உங்கள் முடிவுகளை எவ்வாறு மாற்றுகின்றன என்று பாருங்கள். திறமையில் சமமான இரு மாற்றுப் பிட்சர்களில் ஒருவருக்கு ஆப்ஷன் உண்டு, மற்றவருக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். நேற்று 12 இன்னிங்ஸ் ஆடிக் களைத்த அணிக்கு இன்று புதிய கை ஒன்று தேவை. திறமை குறைந்தவர் என்பதற்காக அல்லாமல், அனுப்ப முடிந்தவர் என்பதற்காகவே முதலாமவர் மைனர் லீகுக்குச் செல்வார். காயங்களை ஸ்லைடரில் குறைத்துவிட்டால் இத்தகைய முடிவு எதுவும் உங்களைத் தேடி வராது. பட்டியலின் 30-ஆவது, 35-ஆவது மனிதர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளும் அவசியமே இருக்காது. 2003-இல் சியாட்டில் மரினர்ஸ் 162 போட்டிகளையும் ஐந்தே ஐந்து தொடக்கப் பிட்சர்களைக் கொண்டு தொடங்கி முடித்தது. இன்றும் அது வியந்து பேசப்படுவதற்குக் காரணம், ஏனைய அணிகளுக்கு அவ்வாறு வாய்ப்பதில்லை என்பதே. பருவத்தைத் திட்டமிடும்போது எட்டு அல்லது ஒன்பது தொடக்கப் பிட்சர்களின் பெயர்களையாவது எழுதி வையுங்கள்.

நவம்பர் மாதமே ஆண்டின் கடினமான மாதம் என்பேன். விதி 5 டிராஃப்ட் எனப்படும் முறையின்படி, 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவங்களுக்குள்ளும், 19 வயதிலோ அதற்குப் பிறகோ ஒப்பந்தமானவரை நான்கு பருவங்களுக்குள்ளும் 40 பேர் பட்டியலில் சேர்க்கவில்லை என்றால், வேறோர் அணி அவரைக் கொண்டுசெல்லலாம். எடுத்த அணி அடுத்த பருவம் முழுவதும் அவரை 26 பேருக்குள் வைத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு பழைய மாற்றுப் பிட்சரை விடுவிப்பதா, இன்னும் முதிராத இளைஞரை இழக்கும் அபாயத்தை ஏற்பதா என்று ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்க நேரிடும். உங்கள் கேமில் இந்த விதி இல்லை என்றால், ஒரு விரிதாளில் வீரர்களின் ஒப்பந்த ஆண்டுகளைக் குறித்து நீங்களே அதைப் பின்பற்றலாம்.

ஐந்தாம் படி: பிட்சர்களின் உழைப்பைக் கணக்கில் வையுங்கள்

2024 பருவத்தில் எம்எல்பி முழுவதிலும் ஒரே பிட்சர் முழுப் போட்டியையும் வீசி முடித்த நிகழ்வுகள் முப்பதுக்கும் குறைவு. தொடக்கப் பிட்சர் சராசரியாக ஐந்து இன்னிங்ஸைச் சற்றே தாண்டினார். கேமில் உங்கள் முன்னணிப் பிட்சர் வாரந்தோறும் ஒன்பது இன்னிங்ஸ் வீசுகிறார் என்றால், தொடக்கப் பிட்சர்களின் வலுவைக் குறைக்கும் ஸ்லைடரை நாடுங்கள்; அப்படியொரு ஸ்லைடர் இல்லை என்றால் ஒரு வரம்பை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். சுமார் 95 பந்துகள் நல்ல வரம்பு. எதிரணியின் பேட்டிங் வரிசை மூன்றாம் சுற்றாக வரும்போது பேட்டர்கள் பிட்சரை நன்கு கணித்துவிடுகிறார்கள் என்பதும் நன்கறியப்பட்ட உண்மை. பல கேம்கள் இதை முழுமையாகப் பின்பற்றுவதில்லை என்பதால், மூன்றாம் சுற்றில் சராசரிப் பிட்சரை மாற்றிவிடுவது என்ற பழக்கம் மெய்த்தன்மையைக் கூட்டும்.

மாற்றுப் பிட்சர்கள் எட்டுப் பேரை வெற்றி, தோல்வி என்ற அடிப்படையில் மட்டும் பிரிக்காதீர்கள். யார் நேற்று வீசினார், யார் அடுத்தடுத்து இரண்டு நாள் வீசினார் என்பதை ஒவ்வொரு போட்டிக்கும் முன் பாருங்கள். அடுத்தடுத்து மூன்றாம் நாள் எவரையும் இறக்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறந்த மாற்றுப் பிட்சரை ஒன்பதாம் இன்னிங்ஸுக்காகவே காத்து வைப்பது மரபு. எனினும் எட்டாம் இன்னிங்ஸில் ஒரே ரன் முன்னிலை, எதிரணியின் மூன்றாம் நான்காம் பேட்டர்கள் வருகிறார்கள் என்றால் அவரை அப்போதே இறக்குவதே அறிவுடைமை. 2020 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களை எதிர்கொள்ள வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும். ஓர் இடக்கை பேட்டருக்காக மட்டும் இடக்கைப் பிட்சரை இறக்கும் பழைய உத்தி இதனால் செல்லாது. பழைய கேம்களில் இந்த விதியையும் கையால் பின்பற்ற வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: ஒன்பது பேரும் வெளியே இருக்கும் நால்வரும்

பேட்டிங் வரிசையைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு அதனால் வெற்றிகள் கூடுவதில்லை. பேஸை அடிக்கடி அடைபவரை முதலிலும், அணியின் மிகச் சிறந்த பேட்டரை இரண்டாம் அல்லது நான்காம் இடத்திலும் வைத்துவிட்டு, வெளியிருப்பில் கவனம் செலுத்துங்கள். மாற்று கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர்), உட்களத்தில் எங்கும் நிற்கக்கூடியவர், நல்ல வெளிக்கள வீரர், எதிர்க்கைப் பிட்சரை அடிக்கக்கூடியவர் என நால்வர் தேவை. கேட்சரை 162 போட்டிகளிலும் ஆடவைப்பது கேமில் எளிதாக இருக்கலாம். மெய்யான அணிகளில் முதன்மைக் கேட்சர்கள் பெரும்பாலும் 110 முதல் 130 போட்டிகளுக்குள்ளேயே அந்த இடத்தில் நிற்கிறார்கள். இரவுப் போட்டிக்கு அடுத்த நாள் பகல் போட்டி வரும்போதெல்லாம் மாற்று கேட்சரை ஆடவிடுவது இதற்கு எளிய வழி.

ஏழாம் படி: தெரியாததைத் தெரியாமலே விடுங்கள்

ஒரு பதினெட்டு வயது இளைஞரின் பெயருக்கு அருகே அவர் எட்டப்போகும் உச்சத்தை ஒரு துல்லியமான எண்ணாகக் காட்டுவதே, மெய்த்தன்மைக்குக் கேம்கள் செய்யும் மிகப் பெரிய தீங்கு. ஆல்பர்ட் புஹோல்ஸ், அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1999-இன் 13-ஆம் சுற்றில் எடுக்கப்பட்டவர். மைக் பியாஸா 1988-இன் 62-ஆம் சுற்றில் எடுக்கப்பட்டவர். மைக் டிரவுட்டுக்கு முன் 2009-இல் 24 பேர் எடுக்கப்பட்டார்கள். தொழில்முறைச் சாரணர்கள் (அணிகளுக்காக வீரர்களின் திறமையை மதிப்பிடுபவர்கள்) அனைவரும் பார்த்த வீரர்களே இவர்கள். எனவே கேமில் மதிப்பெண்களை மறைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். அவுட் ஆஃப் தி பார்க்கில் சாரணர்களின் துல்லியத்தைக் குறைக்கலாம். மதிப்பெண்களை 20 முதல் 80 வரையிலான அளவில் காட்டச் செய்யலாம். 50 என்றால் எம்எல்பி சராசரி என்ற இந்த அளவுகோலையே மெய்யான சாரணர்களும் பயன்படுத்துகிறார்கள். எண்களை மறைக்க முடியாத கேமில், வீரரின் புள்ளிவிவரங்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பது என்று உறுதி பூணுங்கள். முதலில் பார்வை பறிபோனதுபோல் தோன்றும். ஒரு மாதத்துக்குள், 40 போட்டிகளில் .210 அடித்த இளைஞரிடம் இன்னும் பொறுமை காட்டுவதா என்ற கேள்வி, மெய்யான மேலாளரை வருத்தும் அதே வலிமையுடன் உங்களையும் வருத்தத் தொடங்கும்.

எட்டாம் படி: வீரர் பரிமாற்றமும் பணமும்

கணிப்பொறி மேலாளரை ஏமாற்றும் வழிகள் எல்லாக் கேமிலும் உண்டு. சுமாரான மூன்று இளைஞர்களைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தைப் பெறுவது அவற்றில் மிகவும் பரவலானது. பரிமாற்றக் கடின அளவை அதன் உச்சத்துக்கு உயர்த்துங்கள். அதன் பிறகும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் முன், எதிரணியின் இருக்கையில் அமர்ந்து அதற்கு அந்த வீரர் ஏன் தேவை என்று ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தப் பரிமாற்றத்தைச் செய்யாதீர்கள்.

பருவத்தின் நடுவில் வாங்குவதா விற்பதா என்பதை வெற்றி எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவுசெய்யக் கூடாது. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த கணக்கு இதற்கு உதவும். எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அணிக்கு உரிய வெற்றி விகிதம் கிடைக்கும். 750 ரன் எடுத்து 700 ரன் கொடுத்த அணி 162-இல் ஏறத்தாழ 87 போட்டிகளை வென்றிருக்க வேண்டும். உங்கள் அணி அதைவிடப் பத்து வெற்றி கூடுதலாகப் பெறும் வேகத்தில் சென்றால், அதில் பெரும்பகுதி அதிர்ஷ்டம். ஜூலையில் எதிர்காலத்தை விற்று நிகழ்காலத்தை வாங்குவதற்கு அது போதிய காரணம் ஆகாது.

பணத்தைப் பொறுத்தவரை, சேவைக்காலமே எல்லாவற்றுக்கும் அடிப்படை. 172 நாள் எம்எல்பியில் இருந்தால் ஓராண்டுச் சேவை. பொதுவாக ஒரு வீரர் மூன்றாண்டு வரை குறைந்தபட்சச் சம்பளத்துக்கு அருகில் இருப்பார். பிறகு சம்பளத்தை நடுவர் மன்றம் தீர்மானிக்கும் நிலை. ஆறாண்டு முடிந்ததும் அவர் எந்த அணிக்கும் செல்லலாம். 2015-இல் கிரிஸ் பிரையன்ட்டைக் கப்ஸ் அணி சில நாள் தாமதமாக அழைத்ததால் அவரது முதல் பருவம் 171 நாளில் நின்றது. ஒரு நாள் குறைந்ததால் அவரை மேலும் ஓராண்டு வைத்திருக்க முடிந்தது. 2022-இன் கூட்டு ஒப்பந்தம், சிறந்த புதுமுக வீரருக்கான வாக்கெடுப்பில் முதல் இரு இடங்களைப் பெறுபவருக்கு முழு ஆண்டுச் சேவை வழங்கி இந்த வழியை ஓரளவு அடைத்தது. டேம்பா பே ரேஸ் போன்று செலவைக் குறைத்து நடக்கும் அணியைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்தக் கணக்குகளே. 2008-இலும் 2020-இலும் வேர்ல்ட் சீரிஸ் எனப்படும் இறுதித் தொடர் வரை சென்ற அந்த அணியின் பணப்பெட்டியைக் கொண்டு ஆடும்போது, எந்த வீரரை நான்காம் ஆண்டில் விற்க வேண்டும் என்பது தவிர்க்க முடியாத கேள்வியாகிறது.

ஒன்பதாம் படி: பத்தாண்டு முன்னோக்கி ஓட்டிப் பாருங்கள்

முதல் பருவம் சரியாக அமைந்த கேம்கூட ஆறேழு ஆண்டுகளில் சிதைவது உண்டு. கேமின் நகல் ஒன்றைச் சேமித்துக்கொண்டு பத்துப் பருவங்களைக் கணிப்பொறியிடம் விடுங்கள். வீரர்களின் உச்சம் இருபதுகளின் பின்பாதியில் இருக்கிறதா, 38 வயதிலும் எல்லாரும் முழு வலுவோடு ஆடுகிறார்களா, கேம் தானாக உருவாக்கும் புதியவர்கள் வந்த பிறகு லீகின் ரன் சராசரி எங்கே போகிறது, ஓரிரு அணிகளே எல்லாக் கோப்பைகளையும் வெல்கின்றனவா என்று பாருங்கள். புதியவர்கள் அளவுக்கு மீறித் திறமையுள்ளவர்களாக வந்தால் வளர்ச்சி வேகத்தைக் குறைக்க வேண்டும். முதியவர்கள் வீழாமல் நின்றால் முதுமையின் வேகத்தைக் கூட்ட வேண்டும். இத்தகைய திருத்தங்கள் அனைத்தையும் பருவம் முடிந்த பிறகு, அடுத்த பருவத்தின் பயிற்சி முகாமுக்கு முன்னர் மட்டுமே செய்யுங்கள். நடுவில் ஏதேனும் உறுத்தினால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அக்டோபர் வரை அதே அமைப்புகளோடு ஆடுங்கள்.